முதல்நடைக்காரர்

செய்தி வந்தபோது காலை மணி பத்து நாற்பது. டீச்சர் அச்சகத்தின் உள்ளறையில், கணினியில் பக்கம் அமைக்கும் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். திரையில் நூற்று ஐம்பத்தெட்டாம் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சி நூலின் கடைசிப் பக்கம் அது. மேலே நாற்பதாவது பத்தி, கீழே ஐந்து கேள்விகள். நான்கு கேள்விகள் உறுதியாகிவிட்டன. ஐந்தாவதற்கு அவருடைய வீட்டுக்காரர் சரி என்று சொல்ல வேண்டும். சொன்னால் அன்றே அச்சுக்குப் போய்விடும்.

கைபேசி அடித்தது. வீட்டுக்காரரின் எண்தான். எடுத்த எடுப்பிலேயே, "சொல்லுங்க, அஞ்சாவது என்ன ஆச்சு?" என்றார் டீச்சர்.

பேசியது வேறு குரல். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் அவருடைய கூட்டாளி கயிறு. லிஃப்டின் இரும்புக் கயிற்றைக் கையால் தடவியே எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பதால் கம்பெனியில் வைத்த பெயர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதர். அன்று இரண்டே வாக்கியம்தான் பேசினார்.

"அண்ணி, நான் கயிறு. அண்ணன் போயிட்டாரு."

 டீச்சர் பக்கம் அமைக்கும் பெண்ணிடம், "சேவ் பண்ணி மூடிடும்மா, இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நடந்தது இதுதான். அன்று காலை ஐந்து நாற்பதுக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். நோயாளியைக் கட்டிலோடு ஏற்றும் பெரிய லிஃப்ட், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஆள் இல்லை. ஆனால் மேல் மாடியில் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியவர் கீழே காத்திருந்தார். இருவரும் போய், எட்டாம் மாடிக்கும் மேலே இருந்த இயந்திர அறையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பாடுபட்டுச் சரிசெய்தார்கள். அப்புறம் அவர் மட்டும் லிஃப்டில் ஏறி, அடியிலிருந்து உச்சிக்கும் உச்சியிலிருந்து அடிக்குமாக மூன்று முறை போய்வந்தார். ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்ற பலகையைக் கழற்றினார். மறுபடியும் மேலே போய், இயந்திர அறைக்கு ஏறும் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கயிறு பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டார். மருத்துவமனை என்பதால் கூப்பிடு தூரத்தில் நான்கு டாக்டர்கள் இருந்தார்கள். நால்வரும் ஓடி வந்தும் பயனில்லை.

அவரைக் கீழே கொண்டுவந்தது அவர் சரிசெய்த லிஃப்ட்தான்.

டீச்சர் அங்கே போய்ச் சேர்ந்ததும் கயிறிடம் முதலில் கேட்டது, "மூணு நடையும் போயிட்டாரா?" என்பதுதான். பக்கத்தில் நின்ற நர்ஸ் அதிர்ச்சியில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டாள். கயிறுக்கு மட்டும் புரிந்தது. "மூணும் போயிட்டாரு அண்ணி. பலகையக் கழட்டிட்டுத்தான் உக்காந்தாரு" என்றார்.

அந்த மூன்று நடைதான் அவருடைய பெயர். தெருவில் அவர் ‘டீச்சர் வீட்டுக்காரர்’. கம்பெனியில் ‘முதல்நடை’. பழுது பார்த்த லிஃப்டில் முதல் நடை தான்தான் போக வேண்டும், அதுவும் தனியாக, அதுவும் மூன்று தடவை என்பது அவர் வைத்திருந்த விதி. கம்பெனிப் புத்தகத்தில் அப்படி எதுவும் கிடையாது. பொத்தானை அழுத்தி, விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும் என்றுதான் அதில் போட்டிருந்தது. அதை யாராவது எடுத்துச் சொன்னால், "நான் ஏறாத பொட்டியில அடுத்தவங்க வீட்டுப் பிள்ளைய எப்படி ஏத்தறது?" என்பார். முப்பது மாடிக் கட்டடமாக இருந்தாலும் மூன்று தடவைதான். மேனேஜர் கீழே நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இவர் உள்ளே நின்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் மூன்று முறை தோற்றவர். மற்ற பாடமெல்லாம் நல்ல மதிப்பெண். ஆங்கிலம் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. முதல் தடவை, பத்தியைப் படித்துப் பதில் எழுதும் பகுதியில், நூறு வருடமாக நிற்கும் ஒரு பாலத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஊர்மக்கள் அதை அன்போடு காத்ததால் நிற்கிறது என்பது பத்தியில் இருந்த பதில். இவர், அன்பினால் பாலம் நிற்காது, ஆணியையும் சட்டத்தையும் யாரோ மாற்றிக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். பூஜ்யம். இரண்டாம் தடவை எதைக் கேட்டார்கள் என்பதே நினைவில்லை. மூன்றாம் தடவை பயம் வந்துவிட்டது. முதல் வரியைப் படித்தார். புரியவில்லை. மறுபடியும் படித்தார். அந்த முதல் வரியிலேயே நின்றுகொண்டிருந்தபோது மணி அடித்துத் தாளை வாங்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் அவர் டீச்சரிடம் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார். டீச்சர் அப்போது மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்துச் சொந்தமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஆங்கிலம் சொல்லித்தருகிறவளுக்கு ஆங்கிலத்தில் தோற்றவனா என்று சித்தி ஒருத்தி கல்யாணத்தன்றும் விடவில்லை. டீச்சருக்கு அது குறையாகவே படவில்லை. தோற்றதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்த ஒரு மாணவனைக்கூட அவர் அதுவரை பார்த்ததில்லை. எந்த வரியில் நின்றோம், ஏன் நின்றோம் என்று சொல்ல யாருக்கு வரும்?

கல்யாணமாகி நாலாவது வருடம் டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் பயிற்சி நூல் எழுத ஆரம்பித்தார். சந்தையில் இருந்த நூல்களில் பத்திகள் எல்லாம் எங்கேயோ பனிப்பாறையைப் பற்றியும் பழங்கால மன்னர்களைப் பற்றியும் இருந்தன. டீச்சர் தெருவில் இருக்கிறவர்களைப் பற்றி எழுதினார். தையல்காரர், சைக்கிள் கடைக்காரர், பேருந்தில் தினமும் கடைசி நிறுத்தம்வரை தூங்கிக்கொண்டே போகும் குமாஸ்தா. எழுதியதை முதலில் யாரிடமாவது காட்ட வேண்டும். வீட்டில் இருந்தவர் ஒருவர்தான்.

அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நீ கட்டின லிஃப்ட். நான் ஏறிப் பாக்கறேன். ஆனா ஒண்ணு, நீ வெளிய நில்லு, உதவி பண்ணக் கூடாது" என்றார்.

முதல் பத்தியிலேயே மாட்டிக்கொண்டார். இரண்டாவது கேள்விக்குப் பதில் இருந்த வரி அத்தனை நீளம். அதில் எந்த ‘அவர்’ எவரைக் குறிக்கிறது என்று பிடிபடவில்லை. டீச்சருக்குக் கோபம் வந்தது. கவனமாகப் படித்தால் புரியும் என்றார். அவர் தாளை மேசையில் வைத்துவிட்டுச் சாவதானமாகச் சொன்னார்: "கவனமாப் போனா ஏறலாம்னு ஒரு லிஃப்ட நான் விட்டுட்டு வந்தா நீ சும்மா இருப்பியா?"

அன்றிலிருந்து வழக்கம் அமைந்துவிட்டது. காலை ஐந்தரைக்குச் சாப்பாட்டு மேசையில் உட்காருவார். ஒரு டம்ளர் தேநீர், பென்சில், பன்னிரண்டு நிமிடத்துக்கு முடுக்கிய அலாரக் கடிகாரம். ஒரு நாளைக்கு ஒரு பத்தி, அதற்கு மேல் கிடையாது. பதில் எழுதுவதற்கு முன்னால், அந்தப் பதில் பத்தியில் எந்த வரியில் கிடைத்ததோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் கேள்வி எண்ணைப் போடுவார். ஐந்து கேள்விக்கு ஐந்து புள்ளி. புள்ளி வைக்க இடம் கிடைக்கவில்லையென்றால் கேள்வி தவறு. ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் வைக்க முடிந்தால் அதுவும் தவறு. ஐந்தும் சரியாக வந்தால் தாளின் அடியில் ஒரு கோடு கிழித்துக் கொடுப்பார். கோடு இல்லாத தாள் அச்சுக்குப் போகாது.

இலக்கணப் பயிற்சியையும் விட்டுவைக்கவில்லை. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கும் பகுதியில் பூனை எலியைக் கொன்றது என்று டீச்சர் ஒரு முறை எழுதியதற்கு, நான் படிக்கும்போதும் அதே எலியைத்தான் கொன்றார்கள், இன்னுமா அது சாகவில்லை என்று கேட்டார். அப்புறம் அந்த நூலில் எலி சாகவில்லை. கதவு திறக்கப்பட்டது, விளக்கு மாற்றப்பட்டது, பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பு மறுபடியும் தொலைக்கப்பட்டது என்று மனிதர் வாயில் வரக்கூடிய வாக்கியங்களே வந்தன. இந்தச் செருப்பு விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாதம் பேசாமல் இருந்தார்.

இத்தனை ஆண்டில் ஆயிரத்துக்கு மேல் பத்திகள். அதில் ஒன்றே ஒன்றுதான் அவர் ஏறிப் பார்க்காமல் போனது. ஆறாவது வருடம் அவருக்குக் கடுமையான காய்ச்சல். அச்சகத்தில் அவசரப்படுத்தினார்கள். பத்தி பக்கத்துக்கு இரண்டு வரி கூடுதலாக இருந்தது. டீச்சர் இரண்டு வரியை வெட்டித் தானே கோடு கிழித்து அனுப்பிவிட்டார். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் ஒரு பெண்மணியைப் பற்றிய பத்தி அது. அலுவலகத்துக்குள் பதவி உயர்வு கொடுத்தபோது அவர் ஏன் மறுத்தார் என்பது மூன்றாவது கேள்வி. உள்ளே போய்விட்டால் தண்ணீரைப் பார்க்க முடியாது என்பது பதில். அந்தப் பதில் வெட்டிய இரண்டு வரியோடு போய்விட்டது.

மூன்று மாதம் கழித்துத் தொலைவிலுள்ள ஒரு பள்ளியிலிருந்து ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதினார். என் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், ஒரு பாடவேளை முழுக்கத் தேடினோம், நானும் தேடினேன், ஒரு மாணவி தனக்கு ஆங்கிலம் வராது என்பது இன்றோடு உறுதியாகிவிட்டது என்று அழுதாள் என்று எழுதியிருந்தார்.

டீச்சர் அந்தக் கடிதத்தை இரண்டு நாள் ஒளித்துவைத்திருந்தார். மூன்றாம் நாள் காட்டினார். அவர் இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று டீச்சர் எதிர்பார்த்தார்.

"உனக்கு அந்தம்மாவத் தெரியும் டீச்சர். அதான் வரி போனது உன் கண்ணுக்குப் படல. தெரிஞ்சவங்க யாருக்கும் படாது" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினார். அதன் அடியில் அவர் தன் கைப்பட, தன் ஆங்கிலத்தில், அந்த மாணவிக்கு மூன்று வாக்கியம் எழுதினார். பதில் அங்கே இல்லை. தேடியது உன் தவறு அல்ல. இதைச் சொல்பவன் மூன்று முறை தேர்வில் தோற்றவன். அதில் ஒரு பிழை இருந்தது. டீச்சர் அதைத் திருத்தவில்லை.

தெரிந்தவர் கண்ணுக்குப் படாது என்பதால்தான் தன்னைப் பற்றி ஒரு பத்தி எழுத அவர் கடைசிவரை விடவில்லை. டீச்சர் பல முறை கேட்டுப் பார்த்துவிட்டார். என்னைப் பற்றி எழுதினால் பதிலெல்லாம் எனக்கு முன்பே தெரியும், அது தாளில் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும், அப்புறம் அதில் யார் ஏறிப் பார்ப்பது என்று கேட்பார். 

பதினான்கு பதினைந்து வருடத்தில் வேறொரு சிக்கல் முளைத்தது. அவருக்கு ஆங்கிலம் வந்துவிட்டது. பன்னிரண்டு நிமிடம் வேண்டியிருந்தவர் ஏழு நிமிடத்தில் முடித்தார். மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அம்மாவின் நூலை வைத்துத்தான் படித்தாள். அப்பாவும் தன்னோடு தனித்தேர்வராகப் பரீட்சை எழுத வேண்டும், இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு பாஸ் என்று பிடிவாதம் பிடித்தாள். அவர் அசையவில்லை. "நான் பாஸாயிட்டா உங்கம்மா வேற ஃபெயிலத் தேடணும். நல்ல ஃபெயில் கிடைக்கிறது கஷ்டம்மா" என்றார்.

சிரித்துச் சொன்னாலும் அது அவரை உறுத்தியிருக்க வேண்டும். சில நாள் கழித்து டீச்சர் கவனித்தார். அவர் பத்தியின் முதல் வரியை நான்கு தடவை படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார். ஏன் என்று கேட்டதற்கு, அந்த மூன்றாவது தடவைப் பையன் இன்னும் முதல் வரியிலேயே நின்றுகொண்டிருக்கிறான், அவன் ஏறினால்தான் லிஃப்ட் சரி என்றார். அதற்குப் பிறகு டீச்சரின் எந்தப் பத்தியும் நீண்ட வரியில் தொடங்கவில்லை. ஓர் ஆள் வருவார், ஒரு காரியம் செய்வார், அவ்வளவுதான் முதல் வரி. இந்த ரகசியம் தெரியாமல், டீச்சரின் நூல் மட்டும் ஏன் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று வேறு பதிப்பாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

டீச்சரின் பதிப்பாளருக்கும் முதலில் நம்பிக்கை இல்லை. பதினைந்தாவது வருடம், நூலுக்குக் கௌரவமாக இருக்கட்டும் என்று ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். பேராசிரியர் ஒரே மூச்சில் நாற்பது பத்திக்கும் பதில் எழுதினார். எல்லாம் சரி. பிழை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அதே நாற்பதில் முதல்நடை மூன்று கேள்விகளில் இரண்டிரண்டு புள்ளி வைத்திருந்தார். பதிப்பாளர் அந்த மூன்றையும் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, சரிபார்த்தவர் என்று முதல் பக்கத்தில் உங்கள் பெயரையே போட்டுவிடுகிறேன், பெயருக்குப் பின்னால் என்ன பட்டம் போடுவது என்று கேட்டார்.

"மூணு தடவ ஃபெயில்னு போடுங்க சார். இந்த வேலைக்கு அதவிடப் பெரிய படிப்பு இல்ல."

பதிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். பெயரையும் போடவில்லை, பட்டத்தையும் போடவில்லை. அவரும் அதன் பிறகு கேட்கவில்லை.

அவர் போன ஆறாம் நாள் கயிறு கருவிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பேனர்கள், டார்ச், கையுறை. அடியில், போன வருடப் பதிப்பு ஒன்று பச்சை அட்டையெல்லாம் எண்ணெய்க் கறையாகக் கிடந்தது. வேலைக்கு இதை எதற்குக் கொண்டுபோனார் என்று டீச்சர் கேட்டார். அப்போதுதான் கயிறுக்கு வாய் திறந்தது.

சாப்பாட்டு நேரத்தில் தன்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்பாராம். ஐம்பது வயதில் தன்னால் ஒரு பத்தியைத் தப்பில்லாமல் படிக்க முடிகிறதென்றால் அது அண்ணனின் தொல்லைதானாம். அதைவிட, அந்தப் பெண் விஷயத்தை அண்ணன் வீட்டில் சொல்லவே இல்லையா என்று கேட்டார். டீச்சருக்கு எந்தப் பெண் என்று தெரியவில்லை.

போன வருடம், ஓர் அடுக்குமாடிக் கட்டடம். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பள்ளி மாணவி. மறுநாள் அவளுக்கு ஆங்கிலத் தேர்வு. மூச்சு முட்டுகிறது என்று கத்தி அழுகிறாள். அவளுடைய அம்மா வெளியே கதவை அடித்துக்கொண்டு நிற்கிறாள். கயிறு மேலே போய் வேலையைத் தொடங்க, இவர் ஐந்தாம் மாடிக் கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேச்சுக் கொடுத்தார். கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டார். இங்கிலீஷ் புத்தகம் என்றாள். என்ன நிற அட்டை என்றார். பச்சை என்றாள்.

"எத்தனாவது பேசேஜ் படிச்சிட்டிருந்தம்மா?"

"பதினேழு."

"கடிகாரக் கடைக்காரரா? மூணாவது கேள்வில நின்னிருப்பியே?"

உள்ளே அழுகை நின்றது. "எப்படி அங்கிள் தெரியும்?"

"நானும் அங்கதான் நின்னேன். கடைசி பாராவுல தேடாத. ரெண்டாவது பாராவுல ஏணின்னு ஒரு சொல் வரும். அதுக்கு அடுத்த வரியப் பொறுமையாப் படி. வெளிச்சம் இருக்குல்ல? கைபேசில டார்ச் போட்டுக்க."

கயிறு மேலே வேலையை முடித்துக் கீழே இறங்கிவர இருபத்தைந்து நிமிடம் ஆனது. கதவு திறந்ததும் அந்தப் பெண் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. முதலில் இவரைப் பார்த்து மூன்றாவது கேள்விக்குப் பதிலைச் சொன்னாள். ஆங்கிலத்தில், முழு வாக்கியமாக. இவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, மூன்று நடை போகக் கிளம்பிவிட்டார். நீங்கள் யார், வாத்தியாரா என்று அந்த அம்மா கேட்டதற்குக் கதவு மூடும் நேரத்தில் சொன்ன பதில்தான் கயிறுக்கு இன்னும் காதில் இருக்கிறதாம்.

"வாத்தியார் இல்லம்மா. அந்தப் புஸ்தகத்துல மொத ஆளா ஏறினவன்."

கயிறு இதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் பச்சை அட்டையின் எண்ணெய்க் கறையைப் புடவைத் தலைப்பால் துடைக்கப் போனவர், துடைக்காமல் வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் பதிப்பாளர் வந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் வேறு ஏதோ பேசினார். பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. டீச்சர்தான் நாற்பதாவது பத்தி இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொடுத்தார். அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டது, ‘நாற்பது பத்திகள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டாயிற்று என்றார் பதிப்பாளர். இப்போது கல்லூரியில் வேலை பார்க்கும் மகள் அருகில் இருந்தாள். அம்மா கொண்டுவந்திருந்த அச்சகப் பிரதியை வாங்கிப் படித்து ஐந்து கேள்விக்கும் பதில் சொன்னாள். எல்லாம் விடைக்குறிப்பில் இருந்தபடியே இருந்தன. இதில் பிழை ஒன்றுமில்லை, நான் கோடு கிழித்துத் தருகிறேன் என்றாள்.

டீச்சர் எழுந்து சாப்பாட்டு மேசைக்குப் போனார். ஒன்பது நாளாக அந்த மூலையை அவர் தொடவில்லை. அலாரக் கடிகாரத்தின் அடியில் அவர் விட்டுப்போன தாள் அப்படியே இருந்தது. அன்று காலை மருத்துவமனை அழைப்பு வந்தபோது பாதித் தேநீரோடு எழுந்தவர், சட்டையை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார்: "அஞ்சாவதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு. லிஃப்ட முடிச்சிட்டு போன்ல சொல்றேன்." அந்தச் சின்ன விஷயம் என்ன என்று கேட்டிருக்கலாம். அச்சகத்துக்குப் போகும் அவசரத்தில் டீச்சர் கேட்கவில்லை.

பத்தி, ஒரு ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்களைப் பாதுகாக்கும் பெண்ணைப் பற்றியது. யாரும் தேடி வராத ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பை அவள் பதினோரு வருடமாக அலமாரியில் வைத்திருக்கிறாள். ஏன் வைத்திருக்கிறாள் என்பதுதான் ஐந்தாவது கேள்வி. மற்ற செருப்பை வைத்திருப்பவர் என்றாவது வருவார் என்று அவள் நம்புவதாக ஒன்பதாவது வரி சொல்கிறது. டீச்சர் நினைத்த பதில் அதுதான். மகள் சொன்னதும் அதுதான்.

தாளில் ஐந்து என்று எண் போட்ட புள்ளி ஒன்பதாவது வரியில் இல்லை. மூன்றாவது வரியில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் ஒரு பழைய குடையைத் தூக்கி எறிந்துவிட்டாள், மறுநாளே அதற்குரியவர் வந்து நின்றார் என்பது மூன்றாவது வரி.

டீச்சர் நின்றபடியே பத்தியை முதலிலிருந்து படித்தார். முதல் வரியை நான்கு தடவை படித்தார். அப்புறம் மற்றவை. நம்பிக்கையால் வைத்திருக்கிறாளா, குடையை எறிந்த குற்ற உணர்வால் வைத்திருக்கிறாளா? இரண்டு பதிலும் தாளில் இருந்தன. விடைக்குறிப்பு ஒன்றைத்தான் சரி என்றது. அப்படியே அச்சாகியிருந்தால் எங்கேயோ ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை குடையை எழுதியிருக்கும், அதற்குப் பூஜ்யம் கிடைத்திருக்கும். எழுதிய டீச்சர் பார்க்கவில்லை, அச்சகம் பார்க்கவில்லை, முனைவர் பட்டம் வாங்கிய மகள் பார்க்கவில்லை. பாதித் தேநீருக்குள் அவர் பார்த்துவிட்டார். டீச்சருக்கு அழுகை வரவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் என் வீட்டுக்காரர் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

தாளைக் கொண்டுவந்து காட்டினார். பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  அப்படியானால் கேள்வியை மாற்றிவிடலாமே, ஐந்து நிமிட வேலை என்றார் பதிப்பாளர். கேள்வியை மாற்றினால் அது புதுக் கேள்வி. புதுக் கேள்வியில் யார் ஏறிப் பார்ப்பது?

"முப்பத்தொன்பதுன்னு போடுங்க" என்றார் டீச்சர்.

போட்டியாளர்கள் ஐம்பது போடுகிறார்கள், நூறு போடுகிறார்கள், முப்பத்தொன்பது என்று யாராவது போடுவார்களா, கடைக்காரர்கள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள் என்று பதிப்பாளர் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார்.  மேசை மேல் பச்சை அட்டைப் புத்தகம் கிடந்தது. பதிப்பாளர் அதை எடுத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு எழுந்தார்.

"அட்டைய மாத்திடறேன் டீச்சர். மொதப் பக்கத்துலயும் ஒரு வரி பாக்கி இருக்கு, அதையும் சேத்துடறேன்."

நூல் சொன்ன நாளில் வந்தது. அட்டையில் ‘முப்பத்தொன்பது பத்திகள்’ என்று இருக்கிறது. முதல் பக்கத்தில் டீச்சர் பெயருக்குக் கீழே, சரிபார்த்தவர் என்று அவருடைய பெயரும், பட்டம் போடும் இடத்தில் ‘மூன்று முறை தேர்வெழுதியவர்’ என்றும் இருக்கின்றன. கயிறு பத்துப் பிரதி வாங்கிக் கம்பெனியில் எல்லோருக்கும் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினாராம். சித்திகூட ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டாள். நூற்று ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் வெறும் கோடுகள் மட்டும் அச்சாகியிருக்கின்றன. மாணவர்கள் குறிப்பெழுதிக்கொள்ளலாம்.

நாற்பதாவது பத்தியின் தாள் சாப்பாட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் நான்கு பதில்கள் பென்சிலில் எழுதியிருக்கின்றன. ஐந்தாவது கேள்விக்கு விட்ட மூன்று வரியிலும் எதுவும் எழுதப்படவில்லை. அடியில் கோடும் கிழிக்கப்படவில்லை.